தோணியில் போன அப்பா

அன்புள்ள ஐயா,

சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய நாலு பக்கக் கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த ஐநூறு ரூபாய்த் தாளும் வந்து சேர்ந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். கொன்றவன் பிள்ளைக்குப் படிப்புச் செலவு கொடுத்தால் செத்தவன் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று. நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மனமில்லை. முதலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவள். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். வருகைப் பதிவுக்கான விவரத்தாளில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘தோணி’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். நம் ஊரில் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காய்கறி, கருங்கல், சிமெண்டு என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் இன்னும் பழைய துறைமுகத்தில் நிற்கின்றன. தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள்.

தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. எல்லாம் கரைக்கு வந்துவிடும், ஆட்களும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜூலையில் ஒருநாள் மத்தியானம் பக்கத்துப் பெஞ்சுக்காரன் கேட்டிருக்கிறான்: “எல்லாத் தோணியும் வந்தாச்சேல, ஒங்க அப்பா வரலயா?” இவன் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு பேரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்னலே நடந்தது என்று எத்தனை தடவை கேட்டும் இவன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அம்மா வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உப்பளத்தில் பாத்தியில் நின்று நின்று பாதம் இரண்டும் வெடித்திருந்தன, விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. குரலைத் தணித்துச் சொன்னார். “அவுக பாளையங்கோட்டையில உள்ள இருக்காக டீச்சர். வாய்க்கா தகராறுல ஒரு கேசு. ஆயுள் போட்டுட்டாக. சின்னவகிட்ட தோணிக்குப் போயிருக்காகன்னு சொல்லி வச்சிருக்கோம்.”

அன்று சாயங்காலம் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோதுதான் முழுசும் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும். கைது செய்த ராத்திரி அவன் தூங்கவே இல்லை. ஒன்றாம் வகுப்பில் இருந்த தங்கச்சிக்காகத்தான் அந்தப் பொய். அவள் முன்னால் அம்மாவைப் போலவே தானும் தோணிக் கதையையே சொல்லிக்கொண்டு, மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ‘வயிற்றுவலி’ என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு பஸ் ஏறிச் சிறையில் மனுப் போட்டு அப்பாவைப் பார்க்கப் போய் வந்திருக்கிறான். கூட்டத்துக்குள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திப் பேசிவிட்டு வருகிற அந்தச் சில நிமிடத்துக்கு அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், இரண்டு பேருக்குப் பஸ் செலவு ஆகும். தன் டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சில மாதம் அவனே போகாமல் இருந்துவிட்டதாகச் சொன்னான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை.

ஐயா, ஒரு வீட்டுக்காரர் உள்ளே போனால் அந்த வீட்டில் முதலில் கரைவது நகை. வக்கீல் பீஸ், ஜாமீனுக்கு அலைகிற அலைச்சல், வாய்தாவுக்கு வாய்தா ஆகிற செலவு. தீர்ப்பு வருவதற்குள் அடகுக் கடையில் வைத்தது எல்லாம் மூழ்கிப்போயிருக்கும். தண்டனை ஆன பிறகு உள்ளே வேலை பார்த்துக் கூலி கிடைக்கும் என்பார்கள். கிடைக்கிறது. அதில் ஒரு பகுதி அவருடைய பராமரிப்புக்கும் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கும் பிடித்தது போக மிச்சம்தான் அவர் கணக்கில் ஏறும். அதை நம்பி இங்கே உலை வைக்க முடியாது.

அந்தப் பையன் வீட்டில் தாங்கிப் பிடித்தது தாய்மாமன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்கு அவனைவிட யார் கவலைப்படுவார்கள் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆனால் கயிறு பிடிக்கிற மச்சான்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாமன் சங்கு குளிக்கப் போகிறவர். நோட்டு, செருப்பு, யூனிபார்ம் தையல் கூலி எல்லாம் இரண்டு வருசம் அவர் கையிலிருந்து வந்தன. பிறகு அவருக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் சுற்றித்தான்.

2024 ஆகஸ்டில் நம் தருவைகுளத்திலிருந்து இரண்டு படகில் போன 22 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். புத்தளம் நீதிமன்றத்தில் வழக்கு. அவர்களில் 12 பேருக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தார்கள். ஊரே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நின்றது. இலங்கைச் சிறையில் இருக்கிற மீனவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு நாளுக்கு 250 ரூபாய் கொடுத்துவந்தது, பிறகு அதை உயர்த்தியது. சரியான காரியம். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ‘எங்க அப்பா இலங்கை ஜெயில்ல இருக்காரு’ என்று தலை நிமிர்ந்து சொல்லும். வகுப்பு முழுக்க அதன் பக்கம் நிற்கும். அந்த வீட்டிலும் நான் சொன்ன பையன் வீட்டிலும் சம்பாதிக்கிற ஆள் இல்லை, இரண்டு வீட்டிலும் அடுப்பு ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கத்துச் சிறை என்றால் நாள்படி. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாளையங்கோட்டை என்றால் தோணி என்று ஒரு பொய்.

மீனவர் வயிற்றுப்பாட்டுக்குப் போனவர், இவர் அரிவாள் எடுத்தவர், இரண்டும் ஒன்றா என்பீர்கள். இல்லவே இல்லை. அப்பாக்களை நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. பிள்ளைகளைத்தான் வைக்கிறேன்.

நம் ஊர் துறைமுகத்துக்கே ஒரு தண்டனைக் கைதியின் பெயர்தான் என்பதை நாம் மறந்துபோனோம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு 40 வருசத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு வருசமாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததையும் பிறகு கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டதையும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். வீட்டில் நடந்தது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக இல்லை. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிப்போனது. மனைவி மீனாட்சி அம்மாள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தார். வ.உ.சி. உள்ளே இருந்தபோதே சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்க ஊர் திரளவில்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசி, மண்ணெண்ணெய் என்று என்னென்னவோ சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார்.

அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி காந்தியிடம் ஒப்படைத்திருந்தார்கள். காந்தி 1915-ல் இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தப் பணத்தைப் பற்றி வ.உ.சி. அவருக்குக் கடிதம் எழுதுகிறார். பதில் வருகிறது, மறுபடி எழுதுகிறார். கடைசியில் 1916-ல் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து ஆராய்ந்து நூலாகவே எழுதியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசில் தைப்பது அந்தப் பன்னிரண்டு அணா. கப்பல் விட்ட மனிதர், வரவேண்டிய சின்னத் தொகைக்காகத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சிறைக்குப் போன வீட்டுக்கு ஒவ்வொரு அணாவும் கணக்குத்தான்.

பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியிலும் அப்புறம் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்தார். நன்றி மறக்காமல் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். சம்பாதிக்கிற வழியை ஒருவர் திறந்துவிட்டால் அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிசு என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வ.உ.சி.யையும் கொலைக் கைதியையும் ஒப்பிடுகிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், ஆள் உள்ளே போய்விட்டால் வீட்டைத் தாங்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கை அன்றைக்குக் கடல் கடந்து கூலிக்குப் போன தமிழர்களிடமிருந்து வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ல் 45-ஆம் பிரிவு, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க நிதி ஆதரவு தரலாம் என்கிறது. யாருக்கெல்லாம் என்று நாலு வகை சொல்கிறது: தாய் விதவையோ, மணமுறிவு பெற்றவரோ, கைவிடப்பட்டவரோ ஆன பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினரோடு இருக்கும் பிள்ளைகள், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள பிள்ளைகள், விபத்தில் பெற்றோர் முடங்கிப்போன பிள்ளைகள். உங்கள் கேள்விக்குச் சட்டத்தின் பதில் இதிலேயே இருக்கிறது, ஐயா. கொலையானவரின் மனைவி விதவை. அவர் பிள்ளைக்குத்தான் சட்டம் முதலில் இடம் போட்டிருக்கிறது. சிறையில் இருப்பவரின் பிள்ளை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் இந்த நாலு மட்டும்தான் என்று சட்டம் கதவைச் சாத்தவில்லை, இவை உட்பட என்றுதான் சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்த ஆதரவு மாதம் 4,000 ரூபாய். வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. கேட்க வேண்டிய இடம் அதுதான். 1098-க்கு ஒரு போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இறந்து, மற்றவர் சிறையில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு 18 வயசு வரை மாதம் 2,000 ரூபாய். சிறை என்ற சொல்லை ஒரு நலத்திட்டத்தின் தகுதிப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. மனைவியைக் கொன்றுவிட்டு உள்ளே போனவர்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, இரண்டு பக்கத்துச் சொந்தமும் அந்தப் பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காது. அவர்களுக்கு இது பெரிய ஊன்றுகோல்.

ஆனால் நான் சொன்ன பையனுக்கு இது கிடைத்திருக்காது. அவன் அம்மா உயிரோடு இருந்தார். விடியுமுன்னே எழுந்து உப்பளத்துக்குப் போய் வெயில் ஏறுமுன் உப்பு வாரிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அளத்தில் வேலையே கிடையாது. அம்மா இருக்கிறார் என்பதே ஒரு வருமானம் மாதிரி நம் விண்ணப்பங்கள் கணக்குப் போடுகின்றன. இந்த ஒரு வரியைத்தான் மாற்றச் சொல்கிறேன். பெற்றோரில் ஒருவர் சிறையில் இருந்து குடும்பம் வருமான வரம்புக்குள் இருந்தால் போதும் என்று எழுதுங்கள். தண்டனைக் கைதி என்று மட்டும் எழுதாமல் விசாரணைக் கைதியையும் சேர்த்து எழுதுங்கள்.

விசாரணைக் கைதியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு. குற்றம் செய்தாரா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லை. வீட்டுப் பிள்ளையின் படிப்பு மட்டும் அதற்குள் முடிவாகிவிடுகிறது. தாயோடு சிறைக்குள்ளேயே இருக்கிற குழந்தைகளை அரசு எண்ணி வைத்திருக்கிறது. அதே வருசக் கடைசியில் 1,764 பேர். அவர்களை ஆறு வயசு வரை எப்படி வளர்க்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. வெளியே இருக்கிற பிள்ளைகளுக்குச் சிறைப் புள்ளிவிவரத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். வருகிறது, நல்ல திட்டங்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் நின்றுபோவது எட்டிலும் ஒன்பதிலும். கல்லூரி வாசல் வரைக்கும் வந்து சேர வேண்டுமே.

மற்ற இடங்களில் இது நடக்கிறது. கேரளத்தில் கைதிகளின் பிள்ளைகளுக்கென்றே அரசின் கல்வி உதவி இருக்கிறது. டெல்லி அரசு 2014-ல் தனித் திட்டமே கொண்டுவந்தது. கிரண் பேடி 1994-ல் தொடங்கிய இந்தியா விஷன் ஃபவுண்டேஷன் இந்தப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, நெல்லையில், கே.ஆர். ராஜா தொடங்கிய குளோபல் நெட்வொர்க் ஃபார் ஈக்வாலிட்டி சிறைவாசிகளின் பிள்ளைகள் படிப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் யாஸ்மின் அரிங்டன் என்ற பெண், அம்மா இறந்து, அப்பா சிறைக்கும் வீட்டுக்குமாக இருந்து, பாட்டி வளர்த்த பெண். தன்னைப் போன்றவர்களுக்கு என்று ஒரு உதவித்தொகைகூட இல்லையே என்று பார்த்துவிட்டு, 2010-ல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஸ்காலர்சிப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

கொடுக்கிற விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு உதவி வழங்கியது. நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் மைக்கில் ‘சிறைக் கைதிகளின் குழந்தைகள் மேடைக்கு வரவும்’ என்று கூப்பிட்டார்கள். பட்டியலை எடுத்துக் கொடுத்தவள் நான். இப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். பையன் எழுந்து கைகழுவும் தொட்டிப் பக்கம் போனான், அப்படியே சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான். மூன்று நாள் வரவில்லை. நான்தான் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயில்னா என்ன டீச்சர் என்று கேட்டாள்.

அதனால் சொல்கிறேன், மேடை வேண்டாம், போட்டோ வேண்டாம். பணம் பேசாமல் வங்கிக் கணக்கில் ஏறட்டும். நம் ஊர் வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று ஒரு சிறு தொகை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். மகமைப் பணம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளையும் கூச்சப்பட்டதில்லை, ஏனென்றால் யாருடைய பிள்ளை என்று அங்கே மைக்கில் கேட்டதில்லை.

உங்கள் அடிக்கோட்டுக்கு வருகிறேன். அதே வழக்கில் செத்துப்போனவருக்கும் ஒரு மகள் இருந்தாள். வேறு பள்ளிக்கூடத்தில் படித்தாள், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர்கள் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். போக எனக்கு ஒரு வருசம் ஆனது. அவள் அம்மா முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2013-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும் என்று அந்தம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் போய்ச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்தப் பய படிக்கானா டீச்சர்?” படிக்கிறான் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, காப்பி போட எழுந்து போனார். கோபத்தில் கேட்டாரா, இரக்கத்தில் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள், முதலில் கொடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். அவளுக்குக் கொடுப்பதற்காக இவனிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. இவன் கையில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை.

நீங்கள் அனுப்பிய ஐநூறு ரூபாயைக் கொலையானவர் வீட்டுப் பிள்ளைக்கே கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். இது வேறொரு வீடு. மதுக்கடை வாசலில் குத்துப்பட்டுச் செத்தவரின் மகள், இப்போது பிளஸ் டூ. பௌதிகத்துக்கும் வேதியியலுக்கும் இரண்டு ரெக்கார்டு நோட்டு, கணக்குக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். மீதி நாற்பத்தைந்து ரூபாயை அவளே ஒரு பேனாவும் பிரவுன் தாளும் வாங்க வைத்துக்கொண்டாள். கடை ரசீது இத்துடன் இருக்கிறது. அவள் உங்கள் பெயரைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்றால் ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தூத்துக்குடி